மலையில் உரித்த பட்டை, கப்பலில் வந்த கொயினா

வட்டவளை தாண்டி றொசல்ல வழியாக ஹட்டனுக்கு ஏறும் ரயில் பாதையின் இருபுறமும் இன்று தேயிலையைத் தவிர வேறு பயிர் அதிகம் கண்ணில் படாது. ஆனால் 1884-ல் ரயில் ஹட்டனை எட்டியபோது, இலங்கையிலிருந்து அந்த ஆண்டு கப்பலேறிய தேயிலையைவிடச் சிங்கோனாப் பட்டை எடையில் பல மடங்கு அதிகமாக இருந்தது. மலேரியாவுக்கு அன்றைய உலகம் நம்பியிருந்த மருந்தான கொயினா அந்தப் பட்டையிலிருந்துதான் கிடைத்தது. மலையக வரலாறு எழுதுகிறவர்கள் கோப்பியிலிருந்து தேயிலைக்குத் தாவும்போது, இடைப்பட்ட அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். அதில் ஒரு நல்ல கேள்வியும் அடிபட்டுப் போகிறது. மருந்தின் மூலப்பொருள் காலடியில் விளைந்தும், லயத்தில் காய்ச்சலோடு கிடந்தவருக்கு அது மருந்தாகாதது ஏன்? துரைமார் லாபத்துக்குப் பயிரிட்டார்கள், பட்டை லண்டனுக்குப் போயிற்று என்பது உண்மைதான். ஆனால் அது பாதி பதில். வாயால் விழுங்கும் மலேரியா மருந்து எதுவானாலும், அதை அளக்கத் தெரிந்தவரும், விழுங்குவதைப் பார்த்துக்கொள்பவரும், கடைசி வேளைவரை முடிக்கவைக்கும் ஏற்பாடும் இல்லாவிட்டால் பயன்படாது என்பது மறு பாதி. இந்த இரண்டாம் பாதிக்கு நூற்றைம்பது ஆண்டுச் சான்று இருக்கிறது.

தென்னமெரிக்காவின் அந்தீசு மலைக் காடுகளிலிருந்து கிளெமென்ட்ஸ் மார்க்கமின் குழு 1860-ல் கொண்டுவந்த விதைகளும் நாற்றுகளும் முதலில் நீலகிரிக்குப் போயின; அடுத்த ஆண்டே நுவரெலியாவுக்கு அருகே ஹக்கலையில் சிங்கோனாவுக்கென்றே ஒரு தோட்டம் திறக்கப்பட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் ரோஜா பார்க்கப் போகும் ஹக்கலைப் பூங்கா அதுதான். பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளர் துவைட்ஸ் நாற்றுகளை இலவசமாகக் கொடுக்க முன்வந்தும், கோப்பியில் பணம் கொட்டிக்கொண்டிருந்த துரைமார் சீண்டவில்லை. 1869-ல் கோப்பி இலைகளில் துருநோய் தெரியத் தொடங்கிச் செடிகள் வரிசை வரிசையாக விழுந்த பிறகுதான் மனம் மாறியது. 1880-களின் நடுவில் இலங்கை ஆண்டுக்குச் சுமார் ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை ஏற்றுமதி செய்தது. மரத்தை வெட்டிச் சாய்க்காமல், மேல்பட்டையை மட்டும் கத்தியால் மெல்லிதாகச் சீவி எடுப்பார்கள். உள்ளிருக்கும் பச்சைப் படலத்தில் காயம் படாவிட்டால் பட்டை மறுபடி வளரும். கை கொஞ்சம் அழுந்தினால் மரம் போய்விடும். அந்தப் பக்குவம் தமிழ்த் தொழிலாளரின் கையில் இருந்தது. சீவியதை வெயிலில் காயவைத்து மூட்டையாகக் கட்டி அனுப்புவதோடு மலையின் வேலை முடிந்தது.

மூட்டைக்குள் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதை மலையில் ஒருவராலும் சொல்ல முடியாது. சிங்கோனாவில் இனங்கள் பல. இங்கே பரவலாக நட்ட சிவப்புப் பட்டை இனத்தில் காரப்பொருள்கள் நிறைய இருந்தாலும் கொயினாவின் பங்கு ஓரிரு விழுக்காடுதான். சார்ல்ஸ் லெட்ஜர் பொலிவியாவிலிருந்து 1865-ல் எடுத்துவந்து ஒல்லாந்தருக்கு விற்ற விதையில் முளைத்த ஜாவா மரங்களிலோ அது பத்து விழுக்காட்டையும் தொட்டது. ஒரே தோட்டத்தில், ஒரே மரத்தில்கூட, தண்டுப் பட்டையும் கிளைப் பட்டையும் ஒன்றல்ல. அதனால்தான் லண்டன் ஏலத்தில் பட்டைக்கு விலை வைத்தது வெறும் எடையைக் கொண்டு அல்ல. ரசாயன ஆய்வாளர் சொன்ன கொயினா விழுக்காட்டைக் கொண்டுதான். இலங்கைப் பட்டை சந்தையில் குவிந்து விலை விழுந்ததும், ஜாவாவின் சத்துள்ள பட்டையோடு போட்டியிட முடியாமல் தோட்டங்கள் மரங்களைப் பிடுங்கித் தேயிலை நட்டன. சிங்கோனாவின் கதை இங்கே அவ்வளவுதான்.

பட்டையை இடித்துக் கஷாயம் வைத்துக் குடித்திருக்கலாமே, ஐரோப்பாவில் ஏசு சபைத் துறவிகள் இருநூறு ஆண்டு அப்படித்தானே கொடுத்தார்கள் என்று கேட்கலாம். கொடுத்தார்கள், பலர் பிழைத்தார்கள். ஆனால் எந்தப் பட்டை எவ்வளவு போதும் என்பது அவர்களுக்கும் தெரியாததால், அதே பட்டை ஒரு வைத்தியருக்குப் பேர் வாங்கிக் கொடுத்து இன்னொருவருக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்தது. 1820-ல் பெல்த்தியேவும் கவந்துவும் பாரிஸில் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்த பிறகே எடைபோட்டுக் கொடுக்க வழி பிறந்தது. கொயினா கருணையான மருந்தல்ல. குறைந்தால் கிருமி சாகாது. கூடினால் காது இரையும், தலை சுற்றும், கண் மங்கும். காய்ச்சல் வந்தபோது மட்டும் அரைகுறையாகக் கொயினா தின்று நிறுத்தியவர்களிடமே, சிறுநீர் கறுத்து உயிரைக் குடிக்கும் கருநீர்க் காய்ச்சல் அதிகம் கண்டது என்று வெப்பமண்டல மருத்துவர்கள் பதிந்து வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஒன்றைக் கைமருந்தாக்கச் சொல்வது நாட்டுவைத்தியத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: நுவரெலியா ஆறாயிரம் அடி, ஹட்டன் நாலாயிரம் அடி; அந்தக் குளிரில் மலேரியா நுளம்பு நிலைக்காது, ஆகவே மலைக்கு இந்தக் கதையில் என்ன வேலை? நுளம்பு ஏறாவிட்டாலும் காய்ச்சல் ஏறியது, மனிதரோடு. மன்னாரில் இறங்கித் தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்த கங்காணிக் கூட்டங்கள் தீவின் மிக மோசமான மலேரியாப் பிரதேசத்தைக் கடந்துதான் மலைக்கு வந்தன. வழியில் செத்தவர் போக, பலர் இரத்தத்தில் கிருமியோடு பெரட்டுக்களத்தில் வந்து நின்றார்கள். தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்யவேண்டும் என்று 1872-ல் சட்டம் வந்ததற்கு, ஆட்கள் இப்படிச் சாவது துரைமாருக்கே நட்டம் என்ற கணக்கும் ஒரு காரணம். தோட்டத்து டிஸ்பென்சர் கையில் கொயினா அப்படி வந்தது. கணக்குப் பார்த்துக் கொடுத்த மருந்து என்பதால் அதன் குணம் குறைந்துவிடாது. ஆனால் கசக்கும் மருந்தை என்ன, எதற்கு, எத்தனை நாள் என்று சொல்லாமல் வாயில் ஊற்றியபோது சிலர் மறைவில் போய்த் துப்பினார்கள் என்றால், அதை அறியாமை என்று மட்டும் எழுதிவிட எனக்கு மனமில்லை. நேற்று சம்பளத்தில் பிடித்தவர் இன்று மருந்து தருகிறார் என்றால் யாருக்கும் சந்தேகம் வரும்.

மருந்து மட்டும் போதாது என்பதை 1934-35 கொள்ளைநோய் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டியது. தென்மேற்குப் பருவமழை பொய்த்து ஆறுகள் வற்றி, மணலில் தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகியது. மகா ஓயா, தெதுறு ஓயாக் கரைகளும், களனி கங்கைப் பக்கமும் விழுந்தன. கினிகத்தேனைக் கணவாயில் இறங்கினால் வரும் கேகாலை மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது. ஏழு மாதங்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். அரசாங்கம் கொயினாவை ஏராளமாக இறக்குமதி செய்து விநியோகித்தது. ஆனால் காய்ச்சலோடு பசியும் சேர்ந்திருந்தது. பலவீனமான உடம்பு மருந்துக்கு ஈடுகொடுக்கவில்லை. மருந்தோடு பருப்பும் மார்மைட்டும் சுமந்து கிராமங்களுக்குள் போன, சூரியமல் என்ற இடதுசாரி இயக்கத்து இளைஞர்கள் இதைப் புரிந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் என். எம். பெரேரா 1936-ல் றுவன்வெல்லையிலிருந்தும், பிலிப் குணவர்தன அவிசாவளையிலிருந்தும் அரசாங்க சபைக்குத் தெரிவானார்கள். வீட்டுக்கு வந்து, சோறு உண்டா என்று கேட்டு, மருந்தைக் கையில் கொடுத்தவர்களைச் சனம் மறக்கவில்லை.

நுளம்பைக் கொன்றால் போதுமே, மாத்திரைக்கு இத்தனை பெருமை எதற்கு என்பவர்கள் 1946-ல் வந்த டி.டி.டி.யைச் சுட்டுவார்கள். அதன் சாதனை பெரிது: ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த தீவின் மொத்த இறப்பு வீதம் ஒரே ஆண்டில் 14 ஆக இறங்கியது (அதில் டி.டி.டி.யின் பங்கு எவ்வளவு, சாப்பாட்டின் பங்கு எவ்வளவு என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்). 1963-ல் தீவு முழுவதிலும் 17 நோயாளிகள்தான். அந்த நம்பிக்கையில் தெளிப்பும் கண்காணிப்பும் தளர, 1968-69-ல் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் காய்ச்சல் வந்தது. ஆளுக்குள் கிருமி இருக்கும்வரை நுளம்புக்கு வேலை இருக்கும். அந்தக் கிருமியை முடிப்பது மாத்திரைதான், அதுவும் விழுங்கினால்தான். இரண்டாம் உலகப் போரில் ஜாவா ஜப்பானியர் கையில் போய்க் கொயினா கிடைக்காமல், உடம்பை மஞ்சளாக்கும் மெப்பாக்ரின் மாத்திரையைப் பர்மாப் போர்முனைச் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். ஆண்மை போய்விடும் என்ற வதந்தியில் பலர் அதை வீசினார்கள். தளபதி ஸ்லிம் திடீர்ப் பரிசோதனை நடத்தி, மாத்திரை விழுங்காத படைப்பிரிவின் அதிகாரியைப் பதவி நீக்கினார். மூன்று பேரை நீக்கியதும் மற்றவர்கள் வழிக்கு வந்தார்கள். படையில் அது நடக்கும். ஊரில் அதிகாரத்தால் நடக்காது, நம்பிக்கை வேண்டும்.

1977 கலவரத்துக்குப் பின் மலையை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய மலையகத் தமிழர்களுக்கு இந்தப் பாடம் நேரடியாக வந்து சேர்ந்தது. மலேரியாவோடு பழகாத உடம்புகள் வன்னிக் காட்டோரம் வாழப் போயின. அங்கே அதிகம் கண்ட வைவாக்ஸ் வகை மலேரியாவுக்குக் குளோரோகுயின் மூன்று நாள் கொடுத்தால் காய்ச்சல் நிற்கும். ஆனால் ஈரலுக்குள் உறங்கும் கிருமி மாதங்கள் கழித்து எழும். அதைத் தீர்க்கும் பிரைமாகுயினைப் பதினான்கு நாள் விழுங்கவேண்டும். மூன்றாம் நாளே எழுந்து வேலைக்குப் போகக் கூடியவர் மீதிப் பதினொரு நாளும் எதற்கு விழுங்குவார்? மேலும் ஜி6பிடி என்னும் நொதி குறைந்த சிலருக்கு அதே மாத்திரை சிவப்பணுக்களை உடைக்கும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கவே கூடாது. ஆகவே பரிசோதித்துக் கொடுக்கவும், கொடுத்ததைப் பார்க்கவும் ஆள் தேவைப்பட்டது. போருக்கு நடுவிலும் மலேரியா தடை இயக்கத்தின் ஊழியர்கள் அந்த வேலையைச் செய்தார்கள். 2012 அக்டோபருக்குப் பிறகு உள்நாட்டில் தொற்றிய நோயாளி இல்லை என்ற நிலையில், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா அற்ற நாடு என்று சான்று வழங்கியது.

இப்போது காய்ச்சல் விமானத்தில் வருகிறது: இந்தியாவுக்கு யாத்திரை போனவர், ஆபிரிக்காவில் வேலைக்கு இருந்தவர். பல்சிபாரம் வகைக்குத் தரும் ஆர்ட்டிமீத்தர்-லூமிபான்ட்ரின் கூட்டு மாத்திரையைப் பெரியவர் நான்கு நான்காக, ஆறு வேளை, மூன்று நாளில் முடிக்கவேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது, பாலோ கொழுப்புள்ள சாப்பாடோ கூட வேண்டும். விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையைத் திரும்பக் கொடுக்கவேண்டும். இதில் எதையும் மாத்திரை அட்டை தானாகச் சொல்லிவிடாது. ஒரு தலைமுறையாக மலேரியாவைக் காணாத மலைநாட்டு ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, கடந்த ஓராண்டில் எந்த நாட்டுக்குப் போய்வந்தீர்கள் என்பது. அதைக் கேட்டால் இரத்தப் பரிசோதனை நடக்கும். மலேரியா தடை இயக்கம் மருந்தை இலவசமாகக் கொடுக்கும், மருந்து முடிந்த பிறகும் நோயாளியைத் தொடர்ந்து பார்க்கும். கேட்காவிட்டால் அவர் வைரஸ் காய்ச்சல் என்ற பேரில் பரசிட்டமோலோடு வீட்டுக்குப் போவார். பல்சிபாரம் மூளைக்குப் போக இரண்டு மூன்று நாள் போதும்.