கறுப்புப் பட்டியல்: அச்சேறிய பெயர்களும் அழிந்த பெயர்களும்

எதிரியோடு வியாபாரம் கூடாதென்று தன் பிரஜைகளைத் தடுப்பது யுத்த காலத்தில் எந்தச் சர்க்காரும் செய்கிற காரியம்தான். தன் சட்டத்திற்குக் கட்டுப்படாத, அந்நிய மண்ணில் இருக்கிற ஒரு கம்பெனியின் பெயரை அச்சிட்டு, இது எதிரிக்குத் துணைபோகிறது என்று உலகத்துக்குக் காட்டுவது வேறு விஷயம். இதற்கு ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் உண்டு.

1915 டிசம்பரில் பிரிட்டன் ஒரு சட்டம் இயற்றியது. நடுநிலை நாடுகளில் இருந்துகொண்டு எதிரியோடு தொடர்பு வைத்திருக்கும் கம்பெனிகளைப் பெயர் சொல்லி அறிவிக்கவும், அவற்றோடு பிரிட்டிஷ் பிரஜைகள் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வதைத் தடுக்கவும் அது அதிகாரம் தந்தது. 1916 ஜூலையில் வெளியான பட்டியலில் 80க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெயர்கள் இருந்தன. அன்றைய கடல் வாணிபத்தில் கப்பலும் இன்ஷூரன்ஸும் கடனும் நிலக்கரியும் பெரும்பாலும் பிரிட்டிஷ்காரர் கையில். ஆகவே பெயர் வந்துவிட்ட கம்பெனியைத் தொட மற்ற நாட்டு வியாபாரியும் தயங்கினான். ஜனாதிபதி வில்ஸன் தம் பொறுமை எல்லைக்கு வந்துவிட்டதாகத் தனிக் கடிதத்தில் எழுதினார். செப்டம்பரில் பதிலடிக்கான அதிகாரத்தைக் காங்கிரஸ் அவருக்கு வழங்கிற்று. அவர் அதைப் பிரயோகிக்கவில்லை. 1917 ஏப்ரலில் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது. அதே டிசம்பரில் தன் சொந்தப் பட்டியலையும் வெளியிட்டது! 1941 ஜூலையில், அடுத்த யுத்தத்தில் இறங்கும் முன்னரே, லத்தீன் அமெரிக்காவில் அச்சு நாடுகளுக்கு உதவுவதாகக் கருதிய சுமார் 1,800 பெயர்களை ரூஸ்வெல்ட் பிரகடனம் செய்தார். யுத்தம் முடிந்தும் 1946 வரை அது நீடித்தது.

ஆக, நடுநிலை நின்றபோது அநீதியாகப்பட்டது யுத்தத்துக்குள் வந்ததும் ஆயுதமாகிவிட்டது. இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, இந்தப் பட்டியல்களின் பின்னால் கப்பற்படையும் பணமும் இருந்தன என்பது. இவை இல்லாத ஒரு நாடு பட்டியல் போட்டால் என்ன ஆகும்?

2022 பிப்ரவரியில் ருஷ்யா முழு அளவில் படையெடுத்த பின் உக்ரைன் அதைச் செய்துபார்த்தது. அதன் ஊழல் தடுப்பு நிறுவனம், ருஷ்யாவில் தொழிலைத் தொடர்ந்து அங்கே வரியும் கட்டிவந்த அந்நியக் கம்பெனிகளை ‘யுத்தத்தின் சர்வதேசப் புரவலர்கள்’ என்று பெயரிட்டு வெளியிட்டது. யூனிலீவர், நெஸ்லே, பெப்சிகோ என்று சமையலறை அலமாரியில் இருக்கிற பெயர்கள். சட்டரீதியான விளைவு எதுவும் கிடையாது. வாடிக்கையாளன் முகம் சுளிப்பான், வங்கிகள் யோசிக்கும் என்கிற நம்பிக்கை மட்டுமே. கையில் இருந்தது வெறும் சொல்.

அந்தச் சொல்லுக்கு வலிமை இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருந்ததாலேயே அதை அழிக்கச் சொன்னார்கள். 2023 மே மாதம் ஹங்கேரியின் ஓடிபி வங்கி பட்டியலில் ஏறியது. உக்ரைனுக்கான ஐரோப்பிய ராணுவ நிதியில் 50 கோடி யூரோவை ஹங்கேரி மறித்து நின்றது. அக்டோபருக்குள் வங்கியின் பெயர் நிறுத்திவைக்கப்பட்டது. பணம் அப்போதும் வரவில்லை. ருஷ்யாமீதான தடைகளுக்கு ஒப்புதல் வேண்டியிருந்ததால் கிரேக்கக் கப்பல் கம்பெனிகளுக்கும் விலக்கு. டிசம்பரில், பன்னிரண்டாம் தடைத் தொகுப்புக்கு ஆஸ்திரியாவின் சம்மதம் தேவைப்பட்ட வேளையில், ரைஃபைஸன் வங்கியின் பெயரும் நீங்கியது. அதன் ருஷ்யக் கிளை அப்போதும் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. 2024 மார்ச்சில் பட்டியல் முழுவதுமே மூடப்பட்டது. சட்ட அடிப்படை இல்லை, நட்பு நாடுகளின் முடிவுகளுக்கு இடைஞ்சல் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள்.

உக்ரைனைக் கோழை என்று ஏசுவது சுலபம். பீரங்கிக் குண்டுக்குப் பிறரை நம்பியிருப்பவன், ஒரு பெயரை எடுத்துவிட்டு ஒரு தடையைப் பெறுவது நியாயமான பேரமாகக்கூட இருக்கலாம். ஆனால் பேரத்துக்கு உட்பட்டுவிட்ட பிறகு, எஞ்சிய பெயர்களின் அர்த்தமும் மாறிவிடுகிறது. அவை குற்றத்தின் அளவால் அங்கே நிற்கவில்லை. தமக்காகப் பேச ஒரு நாடு முன்வராததால் நிற்கின்றன. சொல்லை நம்பிப் பிழைக்கிற நமக்கு இது கசப்பான பாடம். பட்டியலைப் படிக்கிறவன் நீக்கப்பட்ட பெயர்களையும் அவற்றின் தேதிகளையும் சேர்த்துப் படிக்கவேண்டும். யார் யாருக்குக் கடன்பட்டிருந்தார்கள் என்பது அங்கேதான் பதிவாகியிருக்கிறது.