ஏற்காடு: விருந்தினர் பெருகிய மலையின் வரலாறு

பெருநாள் விடுமுறையிலும் கோடையிலும் நம்மில் பலர் குடும்பத்தோடு ஏறிச்செல்லும் ஏற்காடு, விருந்தினருக்காகத் தோன்றிய ஊரன்று. வாழவந்தி, நாகலூர், வேலூர், மாரமங்கலம் முதலிய ஊராட்சிகளைக் கொண்ட சேர்வராயன் மலையில், மலையாளிப் பழங்குடியினர் நெடுங்காலமாகச் சாமையும் தினையும் விளைவித்து வாழ்ந்துவருகின்றனர். பெயரைக் கொண்டு அவர்களைக் கேரளத்தவர் என எண்ணுதல் வேண்டா. அவர்கள் தமிழ் பேசும் மக்களே.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பியை அறிமுகப்படுத்தினார். அதன்பின் ஐரோப்பியர் தோட்டங்களும் பங்களாக்களும் எழுந்தன. குளிர்ந்த காற்றை நாடிப் பள்ளிகளும் வந்தன. மான்ட்போர்ட் பள்ளி 1917இல் தொடங்கப்பட்டது. 1965இல் மேட்டூர் அலுமினிய ஆலை உற்பத்தியைத் தொடங்கியபின், இம்மலையின் பாக்சைட்டும் கீழே இறங்கியது. இறுதியில் வந்தது சுற்றுலா. வந்தோர் ஒவ்வொருவரும் மலையிடம் ஒன்றைப் பெற்றனர். மலைவாசியோ பெரும்பாலும் கூலிக்காரராகவே நின்றார்.

நகரமைப்புச் சிந்தனை மிகத் தாமதமாகவே இங்கு வந்து சேர்ந்தது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் இயற்றப்பட்டது. மலைப்பகுதிப் பாதுகாப்புக்கெனத் தனி அமைப்பு 1990இல்தான் உருவானது. அதன்படி, பட்டியலிலுள்ள மலைக்கிராமங்களில் மனைப்பிரிவு அமைக்க வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் துறை ஆகியவற்றின் கருத்தும் வேண்டும். காப்பிச் செடி வேரூன்றி அதற்குள் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

விதி உண்டு, ஆயினும் அது ஒவ்வொரு கட்டடத்தையும் தனித்தனியே நோக்குகிறது. நூறு விடுதிகள் சேர்ந்து எவ்வளவு நீரை உறிஞ்சும், அவற்றின் கழிவு எங்கே செல்லும் என்பதைத் தனித்தனி அனுமதிகள் சொல்வதில்லை. இம்மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் ஊடே ஓடுகிறது. மேலே கலப்பது கீழேயும் வந்து சேரும். சரிவை வெட்டினால் மழை அதற்குக் கணக்குக் கேட்கும். 2024 டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்த மழையில் மலைப்பாதையில் மண்சரிந்து போக்குவரத்து தடைப்பட்டதைக் கண்டோம். விருந்தினருக்கு அது தவறிப்போன பயணம். மலைவாழ் மக்களுக்கோ மருத்துவமனைக்கும் சந்தைக்கும் செல்லும் வழியே அடைபட்டதாகும்.

உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் உயர்நீதிமன்ற ஆணைப்படி இ-பாஸ் முறை வந்தது. எத்தனை வண்டிகள் ஏறுகின்றன என்று அறியாமல் மலையின் தாங்குதிறனை அறிய முடியாது என்பதே அதன் அடிப்படை. ஏற்காட்டுக்கும் அத்தகைய கணக்கு தேவை. அக்கணக்கு விடுதி அறைகளிலிருந்து தொடங்காமல், மலைக்கிராமத்துக் குடிநீர்க் குழாயிலிருந்து தொடங்க வேண்டும்.

ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கும் சமுதாயம் நாம். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் கிளை என்று அறிந்திருக்கிறோம். அவ்வறிவு இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தபின் நம்மை விட்டு அகலலாகாது. மலை ஏறும் நாம் அங்கு விருந்தினர். வீட்டுக்காரரின் குடத்தை வெறுமையாக்கிவிட்டு வருவது விருந்தினருக்கு அழகன்று.