கல்வெட்டில் வாழும் ஏரி

பெங்களூரின் மடிவாளாவில் சோமேசுவரர் கோயில் ஒன்று உண்டு. அதன் சுவர்களில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகளுள் ஒன்று 1247ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழமைந்த நிலங்களைக் கோயிலுக்குக் கொடையளித்த செய்தியை அது கூறுகிறது. பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்த நாம், இம்மண்ணில் நம் மொழிக்குள்ள பழைமையைக் காட்ட அக்கல்வெட்டைப் பெருமையோடு எடுத்துரைப்பதுண்டு. ஆனால் அது மொழிக்கு மட்டும் சான்றன்று, ஏரிக்கும் சான்று. ஏரியைச் சொன்னால்தான் நிலம் இன்னதென விளங்கிய காலம் அது. கல்வெட்டைப் போற்றும் நாம், அது குறிக்கும் ஏரிகளைப் போற்றினோமா? இவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆறில்லா ஊர்

உலகின் பெருநகரங்கள் பலவும் ஆற்றங்கரையில் எழுந்தவை. பெங்களூர் அவ்வாறு எழுந்ததன்று. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் அமர்ந்திருப்பது இந்நகர். மேட்டின் மேற்கே பெய்யும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதியை அடைந்து காவிரியிற் கலக்கிறது. கிழக்கே பெய்யும் மழை பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையைச் சேர்கிறது. ஓடிவிடும் இந்நீரைப் பள்ளங்கள்தோறும் கரையெழுப்பித் தேக்கினர் முன்னோர். கடுகோடியில் உள்ள 1043ஆம் ஆண்டுச் சோழர் காலக் கல்வெட்டு, பட்டந்தூரில் ஏரி கட்டப்பட்ட செய்தியைத் தருகிறது. 1537இல் நகரை நிறுவிய கெம்பே கவுடரின் பெயரோடு தர்மாம்புதி, கெம்பாம்புதி முதலிய ஏரிகள் இணைத்துப் பேசப்படுகின்றன.

இவ்வேரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல. ஒரு சங்கிலியின் கண்ணிகள். மேலேரி நிரம்பினால் மறுகால் பாய்ந்து கீழேரியை நிரப்பும். மதகைத் திறந்து மூடி நீரைப் பங்கிட நீருகண்டி என்னும் காவலர் இருந்தனர். கோடையில் உழவர் வண்டலை அள்ளி வயலுக்கு எருவாக்கினர். அதனாலேயே ஏரியும் தூர் வாரப்பட்டது. நீரால் பயன்கொண்டவர் கையே ஏரியைக் காத்தது.

குழாய் வந்த பின்

1809இல் ஆங்கிலேயர் இங்குப் படைக் குடியிருப்பை அமைத்தனர். அப்படையைத் தொடர்ந்து சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழ் மக்கள் பலர் அல்சூர்ப் பகுதியில் குடியேறினர். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம் நீரின் அருமையைக் கற்பித்தது. 1882இல் சாங்கி ஏரி எழுந்தது. 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்வழி நீர் வந்தது. 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கமும், 1974இல் காவிரியும் துணைக்கு வந்தன. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்திற்கு ஏற்றப்பட்டு நம் குழாய்க்கு வருகிறது காவிரி நீர்.

தொலைவிலிருந்து நீர் வரத் தொடங்கியதும் அருகிலிருந்த நீர் மதிப்பிழந்தது. கழனிகள் மனைகளாயின, உழவரோடு வண்டல் அள்ளும் வழக்கமும் மறைந்தது. பயன்கொள்வார் இல்லாத ஏரி, வெற்றிடமாகவும் கொசு வளரும் இடமாகவுமே கண்ணுக்குத் தோன்றியது. தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமாயிற்று. சொந்த ஊரிலிருந்து பெட்டியும் கையுமாக வந்து நம்மிற் பலர் முதலடி வைத்த மெஜஸ்டிக் நிலையம் ஓர் ஏரியின் மடியே ஆகும். சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று. கரகத் திருவிழாவின் சடங்கிற்கென ஒரு சிறு குளம் மட்டும் எஞ்சியது. அக்கித்திம்மனஹள்ளி ஏரியில் ஹாக்கி அரங்கமும், சூளை ஏரியில் கால்பந்து அரங்கமும் எழுந்தன. இவற்றை அழித்தவர் பகைவர் அல்லர். பேருந்தும் வேண்டும், விளையாட்டும் வேண்டும் என்று நன்மை கருதியே ஒவ்வொன்றும் செய்யப்பட்டது. அழிவு நல்லெண்ணத்தின் உருவிலும் வரும் என்பதே இங்கு நாம் கற்க வேண்டிய பாடம்.

நுரையும் நெருப்பும்

தூர்க்கப்படாமல் தப்பிய ஏரிகளின் நிலை என்ன? ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புள்ள பெள்ளந்தூர் ஏரியைக் காண்போம். மழைநீர் ஓடிய ராஜகால்வாய்களில் சாக்கடை ஓடியது. சலவைத்தூளின் வேதிப்பொருள்கள் நீரில் கலந்து, மதகில் விழும்போது வெண்ணுரையாய்ப் பொங்கித் தெருவிற்கும் பறந்தன. 2015இலும், 2017இலும், 2018இலும் அவ்வேரியில் தீ எழுந்தது. தீயை அணைப்பதற்குரிய நீர்நிலையே தீப்பற்றிய கொடுமையை வேறெங்ஙனம் சொல்வது!

அத்துன்பம் அங்கேயே நின்றுவிடவுமில்லை. வர்த்தூரைக் கடந்த கழிவு தென்பெண்ணையிற் கலந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் மீண்டும் நுரைக்கிறது. அந்நீரை நம்பிப் பயிரிடுவோர் நம் உறவினர். பொங்கலுக்கு ஊர் செல்ல நாம் பேருந்து ஏறுமுன்னரே நம் வீட்டுச் சாக்கடை அங்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

2022 செப்டம்பரில் நகரின் கிழக்குப் பகுதி வெள்ளத்தில் மிதந்தது. 2024 மார்ச்சில் அதே நகர் குடிநீருக்குத் தவித்தது. வெள்ளமும் வறட்சியும் எதிரெதிரானவை போலத் தோன்றினும், சங்கிலி அறுந்ததற்கு இரண்டிலும் பங்குண்டு. தேங்க இடமில்லாத நீர் வீட்டினுள் புகுந்தது. தேங்காமற் போன நீர் கிணற்றில் இல்லாதொழிந்தது.

மீட்கும் கைகள்

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. 1985இல் லட்சுமண் ராவ் தலைமையில் அமைந்த குழு, எஞ்சிய ஏரிகளைக் காக்க வேண்டுமென அரசுக்குப் பரிந்துரைத்தது. பொதுநல வழக்குகள் உயர்நீதிமன்றத்தை எட்டின. பெள்ளந்தூரின் அவலத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்தது. ஆயினும் சட்டத்தினும் வலியது அண்டைவீட்டார் கை என்பதைச் சில ஏரிகள் மெய்ப்பித்துள்ளன. கைகொண்டரஹள்ளியிலும் புட்டேனஹள்ளியிலும் சுற்றுவாழ் மக்கள் மாநகராட்சியோடு இணைந்து ஏரியை மீட்டனர். ஜக்கூரில் தூய்மை செய்யப்பட்ட கழிவுநீர், கோரையும் நாணலும் வளர்ந்த சதுப்பைக் கடந்து ஏரியை அடைகிறது. அந்நீரில் மீன் பிடித்துப் பிழைப்போர் உளர். எனினும் ஒருமுறை மீட்டால் போதும் என்பதற்கில்லை. காவல் தளர்ந்தால் சாக்கடை மீண்டும் வழி கண்டுகொள்ளும்.

நமது கடன்

நிலம் குழிந்த இடந்தோறும் நீரைத் தேக்கியவரே புகழை நிலைநிறுத்தியவர் ஆவர் என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குப் புறநானூற்றில் எடுத்துரைத்தார் குடபுலவியனார். அவ்வறிவுரை மன்னனுக்கு மட்டும் உரியதா? ‘இது வந்த ஊர்தானே, சொந்த ஊரா?’ என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. வந்த ஊரின் நீரைக் குடித்து, அதன் ஏரி மேல் வீடு கட்டி, பிள்ளைகளையும் வளர்த்த பின்னர் அவ்வெண்ணம் பொருந்துமா? நாம் இங்குக் கழிக்கும் அழுக்கு சொந்த ஊர்க்கே சென்று சேரும்போது, வந்த ஊர் வேறு, சொந்த ஊர் வேறு என்று பிரிப்பதும் இயலாது.

ஆகவே நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் தன் வீட்டுக் கழிவுநீர் எந்த ஏரியைச் சேர்கிறது என்பதைக் கேட்டறியட்டும். அவ்வேரியைக் காக்கும் கன்னட, தெலுங்கு அண்டையரோடு நாமும் ஒரு நாள் சென்று நிற்போம். மடிவாளாக் கல்வெட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, அருகிலுள்ள ஓர் ஏரிக்கரைக்கும் அவர்களை அழைத்துச் செல்வோம். கல்லில் மட்டும் வாழும் ஏரியை அவர்கள் கையில் கொடுத்துச் செல்வது நமக்குப் பெருமையாகாது.