தொற்று இருக்கிறது, தொற்றுமா?

சீனா புதிய கொரோனா வைரஸின் மரபணு வரிசையை வெளியிட்ட சில நாட்களிலேயே, 2020 ஜனவரி 13 அன்று, அதைக் கண்டறியும் பிசிஆர் முறையை உலக சுகாதார நிறுவனம் தன் தளத்தில் ஏற்றியது. வகுத்துக் கொடுத்தது பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் கிறிஸ்டியான் டிராஸ்டன் தலைமையில் இயங்கிய குழு. இந்தப் புது வைரஸ் இவர் உடலில் இருக்கிறதா என்பதே அந்தச் சோதனை விடை தேடிய கேள்வி. சில வாரங்களில் அரசுகள் அதனிடம் வேறொன்றைக் கேட்கத் தொடங்கிவிட்டன: இவரை வீட்டுக்கு அனுப்பலாமா, இவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுமா? இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பது உலகத்துக்கு உறைக்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

1983இல் கேரி முல்லிஸ் கண்டுபிடித்த பிசிஆர், மரபணுத் துணுக்கைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும். கொரோனா சோதனையில் பெரும்பாலும் 40 சுற்று வரை ஓட்டினார்கள். எத்தனையாவது சுற்றில் துணுக்கு கருவியின் கண்ணில் படுகிறதோ, அதுவே சி.டி. மதிப்பு. 25ஆவது சுற்றில் பட்டவருக்கும் 35ஆவது சுற்றில் பட்டவருக்கும் இடையே பத்து இரட்டிப்புகள். அதாவது, முன்னவரின் மாதிரியில் வைரஸ் சரக்கு சுமார் ஆயிரம் மடங்கு அதிகம். ஆனால் அறிக்கையில் இருவருக்கும் ஒரே சொல்தான், ‘பாசிட்டிவ்’. போதாக்குறைக்கு, அந்தத் துணுக்கு உயிர்ப்புள்ள வைரஸுடையதா, சிதைந்துபோனதன் மிச்சமா என்பதும் கருவிக்குத் தெரியாது. மண்டப வாசலில் குவிந்து கிடக்கும் எச்சில் இலையைப் பார்த்தால் பந்தி நடந்தது தெரியும். உள்ளே இன்னும் பரிமாறிக்கொண்டிருக்கிறார்களா என்பது தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு பழைய வழி உண்டு, வைரஸை வளர்த்துப் பார்ப்பது. 1962இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில், ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து உருவாக்கிய ‘வீரோ’ செல்கள் தட்டின் அடியில் பாய் விரித்ததுபோல் படர்ந்திருக்கும். அதன்மேல் நோயாளியின் மாதிரியை ஊற்றிச் சில நாள் காத்திருக்க வேண்டும். உயிர்ப்புள்ள வைரஸ் இருந்தால் செல்கள் உருக்குலைந்து, அந்தப் பாயில் ஆங்காங்கே ஓட்டை விழும். உயர் பாதுகாப்பு ஆய்வகத்தில் மட்டுமே செய்யக்கூடிய, நாள்கணக்கில் இழுக்கும் வேலை இது. வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் இதைச் செய்ய முடியாது.

மியூனிக்கில் ஒன்பது பேருக்குச் செய்தார்கள். 2020 ஜனவரி இறுதியில், அந்நகருக்கு அருகிலிருந்த ஒரு நிறுவனத்தில், ஷாங்காயிலிருந்து கூட்டத்துக்கு வந்த சக ஊழியரிடமிருந்து தொற்று பரவியது. ஷ்வாபிங் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டவர்களின் மாதிரிகளை மியூனிக், பெர்லின் என இரு நகர ஆய்வகங்கள் வளர்த்துப் பார்த்தன. முதல் வாரத்து மாதிரிகளில் வைரஸ் வளர்ந்தது. அறிகுறி தொடங்கி எட்டு நாள் கடந்த மாதிரிகளில் வளரவே இல்லை. பிசிஆரோ அதற்குப் பிறகும் பாசிட்டிவ் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் வெளியான இந்தச் சிறிய ஆய்வு அந்த ஆண்டின் முக்கியமான திருப்பம் என்பது என் கருத்து.

அதே நேரத்தில் தென்கொரியா வேறொரு பீதியில் இருந்தது. குணமாகி வீடு திரும்பியவர்களுக்கு மறுபடி பாசிட்டிவ் வந்தது. மீண்டும் தொற்றா, பதுங்கியிருந்த வைரஸா? அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் அப்படிப்பட்ட 285 பேரையும் அவர்களுடன் பழகிய 790 பேரையும் விசாரித்தது. அவர்களிடமிருந்து ஒருவருக்கேனும் பரவியதாக உறுதியாகவில்லை. வளர்த்துப் பார்த்த 108 மாதிரிகளில் ஒன்றிலும் வைரஸ் முளைக்கவில்லை.

விதிகள் மாறின. 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை நெகட்டிவ் வந்தால்தான் விடுதலை என்றிருந்த உலக சுகாதார நிறுவனம், மே இறுதியில் நாட்கணக்குக்கு மாறியது. இந்தியா மே 8 அன்றே முந்திக்கொண்டது. லேசான தொற்றுள்ளவருக்கு மூன்று நாள் காய்ச்சல் இல்லையென்றால், பத்து நாளில் மறுசோதனை இல்லாமலே வீடு. (இந்தக் கணக்கும் எல்லோருக்கும் பொருந்தவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ரத்தப் புற்றுநோயுள்ள ஒரு பெண், எந்த அறிகுறியும் இல்லாமல் 70 நாள் வரை உயிர்ப்புள்ள வைரஸை வெளியேற்றினார்.)

நாளுக்குப் பதில் சி.டி. எண்ணையே அளவுகோலாக வைத்துக்கொண்டால் என்ன? கனடாவின் மனிடோபாவில் 90 மாதிரிகளை வளர்த்துப் பார்த்ததில் 26 மட்டுமே முளைத்தன. சி.டி. 24ஐத் தாண்டிய ஒன்றும் முளைக்கவில்லை. பிரான்சின் மார்செய் ஆய்வகத்திலோ 33 வரை முளைத்தது. கிட் மாறினால் எண் மாறும், குச்சியை மூக்கில் எவ்வளவு ஆழம் விட்டார்கள் என்பதற்கேற்பவும் மாறும். இதைவிடப் பெரிய சிக்கல், ஒற்றை எண்ணுக்குத் திசை தெரியாது. 33 என்று வந்தவர் நோய் வடிந்துகொண்டிருப்பவராக இருக்கலாம். நேற்றுத் தொற்றி, நாளை 20ஐத் தொடப்போகிறவராகவும் இருக்கலாம். 2021 ஏப்ரலில், ‘பாசிட்டிவ்’ என்று சொல்வதற்கான சி.டி. வரம்பை 24ஆகக் குறைக்கலாமா என்று மகாராஷ்டிரா கேட்டபோது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மறுத்து 35இலேயே நின்றது. தொற்றைப் பரப்பக்கூடியவர் வலையிலிருந்து நழுவிவிடுவார் என்பதே அதன் கவலை.

இந்த இழுபறிக்கு நடுவில்தான் ஆன்டிஜென் சோதனைக்கு மவுசு வந்தது. வைரஸின் புரதத்தை நேரடியாகத் தேடும் இது எதையும் பெருக்குவதில்லை. சரக்கு நிறைய இருந்தால்தான் ‘டி’ என்ற எழுத்துக்கு நேரே கோடு விழும். 2020 ஜூனில் இதை அனுமதித்த இந்தியா, அறிகுறியுள்ளவருக்கு நெகட்டிவ் வந்தால் பிசிஆரும் செய்தாக வேண்டும் என்றது. நோயைக் கண்டுபிடிக்க அது சரிதான். ஹார்வர்டின் மைக்கேல் மினாவும் சகாக்களும் அந்தச் செப்டம்பரில் வேறு கோணத்தில் வாதிட்டார்கள். பரவலைத் தடுக்க, நுட்பம் குறைந்தாலும் மலிவாக, அடிக்கடி செய்து உடனே முடிவு தெரியும் சோதனையே மேல் என்றார்கள்.

இந்த வாதத்தை உரசிப் பார்க்க லண்டனில் ஒரு துணிச்சலான வாய்ப்பு அமைந்தது. 2021இல் தொடங்கிய ஆய்வில், 36 இளம் தன்னார்வலர்களின் மூக்கில் வேண்டுமென்றே வைரஸைச் சொட்டினார்கள். 18 பேருக்குத் தொற்றியது. அவர்களின் மூக்கு, தொண்டையோடு நிற்காமல், அறைக் காற்று, முகக்கவசம், கைகள், தொட்ட பொருட்கள் எனச் சுற்றுப்புறத்திலிருந்தும் மாதிரி எடுத்தார்கள். வெளியேறிய வைரஸில் 7 சதவீதம் மட்டுமே முதல் அறிகுறிக்கு முன்பு வெளியேறியது. ஆன்டிஜென் சோதனையில் முதல் கோடு விழுவதற்கு முன் வெளியேறியதோ வெறும் 2 சதவீதம். மூக்கு மாதிரி தொண்டை மாதிரியைவிட நன்றாகவே பரவலைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் காற்றில் கலந்த வைரஸில் 86 சதவீதம் இரண்டே பேரிடமிருந்து வந்தது. அதிகம் வைரஸை வெளியேற்றியவர்கள், அதிகம் இருமிச் சளி பிடித்துப் படுத்துக் கிடந்தவர்கள் அல்லர்.