அளவீடு யாருக்காக? தொடக்கப் பள்ளியின் மேம்பாட்டு இலக்குகள் குறித்துச் சில கேள்விகள்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 21இல் பள்ளி மேலாண்மைக் குழுவையும், பிரிவு 22இல் அந்தக் குழு தயாரிக்க வேண்டிய பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தையும் வைத்திருக்கிறது. திட்டத்தில் என்னென்ன இடம்பெற வேண்டும் என்பதை மத்திய அரசின் 2010ஆம் ஆண்டு மாதிரி விதிகள் சொல்கின்றன: வகுப்புவாரியாகச் சேர்க்கை எவ்வளவு இருக்கும், கூடுதலாக எத்தனை ஆசிரியர்கள் வேண்டும், கட்டடமும் தளவாடமும் என்ன தேவை, இவற்றுக்கு ஆகும் பணம் எவ்வளவு. பிள்ளைகள் வாசிக்கிறார்களா என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை.

இதைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவருவதே அன்றைய முதல் வேலை. கூரையும் கழிப்பறையும் ஆசிரியரும் இல்லாத இடத்தில் அடைவுத்திறனைப் பேசுவது வீண். ஆனால் அந்த வெற்றிடம் பின்னால் நிரம்பிய விதம்தான் ஆராயத் தக்கது. பள்ளியே தன்னை மதிப்பிட்டு, தனக்கு இலக்கு எழுதி, மேலிடத்துக்கு அனுப்பும் முறை ஒன்று வந்தது. ஒவ்வொரு குழந்தையின் கற்றல் நிலையையும் அளந்து அதற்கேற்பக் கற்பிக்கும் முறை மற்றொன்று. முன்னதால் வகுப்பறையில் பயனில்லை என்பதும், பின்னது பயன் தருவதற்கு ஒரு நிபந்தனை உண்டு என்பதும் இக்கட்டுரையின் வாதம். அளவீடு குழந்தைக்கு அருகிலேயே இருக்க வேண்டும் என்பதே அந்த நிபந்தனை. அது அலுவலகத்துக்குக் கணக்குக் காட்டும் கருவியாக மாறிய நாளிலிருந்து பொய் சொல்லத் தொடங்கும்.

முதல் முறைக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்து வலுவான சான்று உண்டு. அம்மாநிலம் பள்ளிகளை விரிவாக மதிப்பிட்டு, தரநிலை வழங்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மேம்பாட்டுத் திட்டம் எழுதவைத்தது. கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் இதைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்த 1,774 பள்ளிகளில் சோதித்தனர். மதிப்பீடு ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளிலும் முடிந்திருந்தது. கொடுத்த தரநிலைகளும் வெற்று எண்கள் அல்ல. பள்ளிகளுக்கிடையே இருந்த உண்மையான வேறுபாட்டைக் காட்டின. ஆனால் பள்ளி நடந்த விதத்திலோ பிள்ளைகள் கற்றதிலோ மாற்றமே இல்லை. களப் பணியாளர்களிடம் பேசியபோது, திட்டத்தால் கூடியது எழுத்து வேலைதான் என்று தெரியவந்தது. இத்தனைக்கும் அது வெற்றி பெற்ற திட்டமாகவே கருதப்பட்டு, நாடு முழுவதும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்தது. முடித்த படிவங்களை எண்ணிப் பார்த்தால் அது வெற்றிதான்.

இதிலிருந்து எதிர்த்திசையில் ஒரு முடிவுக்கும் வரலாம். அத்திட்டம் யாரையும் பொறுப்பாக்கவில்லை, ஊக்கமும் அளிக்கவில்லை, அதனால்தான் பலனில்லை என்பதை ஆய்வாளர்களே குறிப்பிடுகிறார்கள். அப்படியானால் பொறுப்பை இறுக்கினால் போதுமே? அந்த இறுக்கம் எந்த எண்ணின் மீது விழுகிறது என்பதைப் பொறுத்தது பதில். அபிஜீத் சிங்கின் வேறொரு ஆய்வு, அதே மாநிலத்தின் அதிகாரபூர்வத் தேர்வு முடிவுகளை மறுதேர்வு வைத்துச் சரிபார்த்தது. அடைவு மிகைப்படுத்திக் காட்டப்பட்டிருந்தது. அந்த மிகை பின்தங்கிய மாணவர்களிடமே அதிகம். ஆசிரியர் தானே நடத்தி, தானே திருத்தி, தானே பதிவேற்றும் மதிப்பெண்ணை வைத்து அவரையே எடைபோட்டால், உதவி யாருக்கு மிகவும் வேண்டுமோ அந்தக் குழந்தைதான் பதிவேட்டில் முதலில் காணாமல் போகும்.

தமிழ்நாட்டின் அனுபவம் இங்கே பொருளுள்ளது, ஏனெனில் குழந்தைவாரி அளவீடு இங்கு இருபதாண்டுப் பழக்கம். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ரிஷி வேலிக் கல்வி மையத்தின் அட்டை முறையைத் தழுவியது அது. 2007இல் மாநிலம் முழுதும் சென்றது. கற்றல் ஏணியில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளையே பார்த்து, அடுத்த அட்டையைத் தானே எடுக்க வேண்டும். பத்து நாள் காய்ச்சலில் படுத்துவிட்டுத் திரும்பினாலும் விட்ட படியிலிருந்தே தொடரலாம். அந்த முறைக்குக் குறைகள் உண்டு. இயந்திரத்தனமாக அட்டை நகர்த்திய வகுப்பறைகள் ஏராளம். ஆயினும் அதன் அடைவு அட்டவணையைப் பார்த்துப் பயன்படுத்த வேண்டியவர்கள் குழந்தையும் ஆசிரியருமே. இந்த ஒரு பண்பை நாம் போதிய அளவு மதிக்கவில்லை என்பது என் கருத்து.

2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அதே கருத்தை வேறு வடிவில் மீட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததன் விளைவுகளைச் சரிசெய்ய வந்த இத்திட்டம், 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பொருளுணர்ந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்று இலக்கு வைத்தது. அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகள். எந்த வகுப்பில் படித்தாலும் குழந்தை இருக்கும் நிலையிலிருந்து கற்பிக்க வேண்டும். கொள்கை சரியானது. ‘எல்லாக் குழந்தைகளும்’ என்பது ஒரு மாநிலம் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய சொல். ஒரு பள்ளிக்கு அதில் தகவல் ஏதும் இல்லை.

நிலைப் பெயர்கூடப் போதுமானதல்ல. மூன்றாம் வகுப்பில் இரண்டு குழந்தைகள் ‘பொம்மை’ என்ற சொல்லை வாசிப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் குழந்தை ஒற்றைக்கொம்பைப் பார்த்ததும் ‘பெ’ என்கிறது. பின்னால் நிற்கும் துணைக்காலை என்ன செய்வதென்று தெரியாமல் ‘பெ… பா…’ என்று தடுமாறி ‘பெம்மை’யில் முடிக்கிறது. இரண்டாவது குழந்தை ‘பொ… ம்… மை’ என்று ஒவ்வோர் எழுத்தையும் சரியாகச் சொல்கிறது. “சேர்த்துச் சொல்லு” என்றால் வாய் திறப்பதில்லை. கைப்பேசிச் செயலியில் இருவரும் ‘மொட்டு’ என்றே பதிவாகலாம். ஆனால் முதல் குழந்தைக்கு வேண்டியது கொம்பும் காலும் ஒரே எழுத்தை அணைத்து நிற்கும் வரிசையில் சில நாள் பயிற்சி. இரண்டாவது குழந்தைக்குத் தெரிந்த பாட்டையும் கதையையும் விரல் வைத்துத் தொடர்ந்து வாசிக்கும் பழக்கம் வேண்டும். இந்த வேறுபாடு ஆசிரியரின் காதுக்குத் தெரியும். எந்தத் தொகுப்பறிக்கையிலும் அது ஏறாது.

இதில் மொழி சார்ந்த ஒரு செய்தியும் அடங்கியிருக்கிறது. கன்னடத்தில் தொடக்கநிலை வாசிப்பை ஆராய்ந்த சோனாலி நாக், எழுத்தறிவு முழுமையாகக் கைவர நான்காம் வகுப்பு வரையிலும் ஆவதைக் காட்டினார். கன்னடத்தைவிடத் தமிழில் எழுத்துகள் குறைவு. கூட்டெழுத்துச் சிக்கலும் இல்லை. ஆனாலும் 26 எழுத்துள்ள மொழிகளின் கால அட்டவணையை 247 எழுத்துள்ள மொழிக்கு அப்படியே வைப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. உயிர்மெய் எந்த மாதத்தில் எந்த வரிசைவரை வந்திருக்க வேண்டும் என்ற இடைநிலை இலக்குகள் இங்கேதான் பிறக்க வேண்டும் என்கிறேன்.

பெருந்தொற்றுக் காலக் கற்றல் இழப்பு எவ்வளவு மீண்டது என்பது நமக்கு எப்படித் தெரிந்தது என்று பாருங்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்த சிங், ரொமேரோ, முரளிதரன் ஆய்வின்படி, 2021 டிசம்பரில் குழந்தைகள், 2019இல் அதே ஊர்களில் இருந்த அதே வயதினரைவிடக் கணக்கில் சுமார் 0.7 திட்டவிலக்க அளவும் மொழியில் சுமார் 0.34 அளவும் பின்தங்கியிருந்தனர். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய 24 விழுக்காடு, அரசின் மாலை வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியின் தன்னார்வலர்களால் வந்தது. தினமும் பள்ளிக்கூடம் நடந்ததன் பயன் எவ்வளவு பெரியது என்பதும் அதே கணக்கிலிருந்து விளங்குகிறது. எந்தத் திட்டத்தின் ஆண்டறிக்கையும் அதைச் சொல்லாது. குழந்தைகளை வெளியார் நேரில் சோதித்ததால்தான் இது தெரிந்தது, பள்ளிகள் பதிவேற்றிய விவரங்களிலிருந்து அல்ல.

ஆகவே மாநிலம் தன் கணக்கை மாதிரிக் கணக்கெடுப்பால் பார்த்துக்கொள்ளட்டும். சில நூறு பள்ளிகள், பயிற்சி பெற்ற வெளியார், பள்ளியின் பெயர் வெளிவராத முடிவுகள். 2023இல் பி.எட். மாணவர்களைக் கொண்டு எண்ணும் எழுத்தும் வகுப்புகளை மதிப்பிட முயன்றபோது ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. மூன்றாம் நபர் மதிப்பீடு வேண்டாம் என்பது என் நிலைப்பாடு அல்ல. ஆனால் அதன் முடிவு தனிப் பள்ளியின் மேல் பழியாக விழும் என்ற அச்சம் நியாயமானது. அந்த அச்சத்தை முறையின் வடிவமைப்பே போக்க வேண்டும். ஆணைகளால் அது போகாது.

பள்ளிக்குள் இலக்கு எப்படி இருக்கலாம்? 38 குழந்தைகளுள்ள ஈராசிரியர் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 60 பேர்வரை இரண்டு ஆசிரியர் என்பதுதான் சட்ட அளவு. ஐந்து வகுப்பு, இரண்டு பேர். அவர்களில் ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போனால் ஒருவர். இந்தப் பள்ளிக்கு ‘வாசிப்புத் திறனை 15 விழுக்காடு உயர்த்துவோம்’ என்ற வாக்கியத்தால் பயன் எதுவும் இல்லை. 38 பெயரும், பெயருக்கு நேரே குழந்தை இன்று தடுமாறும் இடமும், தேதியும் உள்ள ஒரு குறிப்பேடு பயன்படும். மாத இறுதியில் எந்தப் பெயர்கள் போன மாதம் நின்ற இடத்திலேயே நிற்கின்றன என்று மட்டும் பார்த்தால் போதும். அந்த ஐந்தாறு பிள்ளைகளே அடுத்த மாதத்தின் மேம்பாட்டுத் திட்டம். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மதில்சுவரும் குடிநீரும் பேசி முடித்தபின் இதையும் பேசலாம், ஆனால் பெயர் சொல்லாமல். ஊரில் பிள்ளைக்கு ஒட்டிய பட்டம் எளிதில் உதிராது.

வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் பள்ளிக்கு வரும் நாளில் இன்று பெரும்பாலும் பதிவேடுகளைப் பார்க்கிறார். அந்த நேரத்தில் குறிப்பேட்டிலிருந்து ஆறு பிள்ளைகளை அருகில் உட்காரவைத்து வாசிக்கக் கேட்கலாம். ஆசிரியர் குறித்ததும் தான் கேட்டதும் ஒத்துப்போகவில்லையென்றால் அதை ஆசிரியரிடம் மட்டும் பேசிவிட்டுப் போகலாம். இதற்கு ஈடாக ஏதாவது ஒரு பதிவேற்றத்தை நிறுத்தியாக வேண்டும். சேர்த்துக்கொண்டே போனால் இதுவும் இன்னொரு படிவமாகிவிடும்.

குறிப்பேட்டுக்கு ஆயுள் தருவது மற்றொரு பிரச்சினை. மாறுதல் கலந்தாய்வில் தலைமையாசிரியர் வேறு ஒன்றியத்துக்குப் போகும்போது சாவி, ரொக்கப் புத்தகம், தளவாடப் பதிவேடு எல்லாம் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் வரிசையாக எழுதப்பட்டுக் கையெழுத்தாகின்றன. எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறது என்பது அவரோடேயே போய்விடுகிறது. புதியவர் ஜூன் மாதத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து கண்டுபிடிக்கிறார், சில சமயம் ஆகஸ்ட் வரை. அந்தப் பட்டியலில் இந்தக் குறிப்பேட்டுக்கும் ஒரு வரிசை எண் கொடுக்க அரசாணைகூட வேண்டியதில்லை. வட்டாரக் கல்வி அலுவலரின் சுற்றறிக்கை ஒன்று போதும்.