நைஸ்: ஓர் ஆங்கிலப் பெயரடையின் பொருள் வரலாறு

இன்று பாராட்டாக வழங்கும் 'நைஸ்' ஆங்கிலத்துக்குள் நுழைந்தது வசையாகத்தான். இலத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்றால் அறியாதவன். அறிதலைக் குறிக்கும் 'ஸ்கீரே' என்னும் வினையோடு எதிர்மறை சேர்ந்து அமைந்த சொல் அது. அதே வினைவழி வந்ததுதான் 'சயின்ஸ்'. பழைய பிரெஞ்சு வழியாக 1300ஐ ஒட்டி ஆங்கிலம் ஏறியபோது 'நைஸ்' மூடத்தனத்தைச் சுட்டியது. ஆங்கிலக் கவிஞர் சாசரின் எழுத்தில் அப்பொருளிலேயே வருகிறது.

பிறகு அது பல திசையில் ஓடியது. நாணமுள்ள, பகட்டான, அற்பமான, எளிதில் திருப்தியடையாத என்றெல்லாம் பொருள்பட்டது. ஒன்றுக்கொன்று முரணான இவை ஒரே காலத்தில் புழங்கியதால், 16, 17ஆம் நூற்றாண்டு நூல்கள் சிலவற்றில் எது கருதப்பட்டது என்று அகராதிக்காரர்களே திணறுகிறார்கள். எதிலும் குறை காண்பவர் நுணுகிப் பார்ப்பவரும் ஆவார். அந்த வழியில்தான் நுட்பம், துல்லியம் என்னும் பொருள் கிளைத்திருக்க வேண்டும். சட்ட வழக்கில் அது இன்னும் உயிரோடிருக்கிறது: வாதத்தில் எழுந்த ஒரு பிரச்சினையை நீதிபதி 'நைஸ் பாயிண்ட்' என்றால், அவர் வழக்கறிஞரைப் பாராட்டுகிறார் என்று கொள்ளக்கூடாது; மயிரிழை வேறுபாட்டில் முடிவாகும் சிக்கல் என்றே பொருள்.

இனிமைப் பொருள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. 1817இன் இறுதியில் வெளியான ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் ஆபி' நாவலில், கதைநாயகி ஒரு புத்தகத்தை இச்சொல்லால் புகழ, ஹென்றி டில்னி அவளைக் கேலி செய்கிறான். புத்தகம், நாள், நடை, பெண்கள் என எல்லாவற்றுக்கும் ஒரே அடையா என்பது அவன் குறை. 1926இல் ஃபௌலரும் தம் மொழிவழக்கு அகராதியில் இதே மனக்குறையை எழுதினார். கேலியும் கண்டனமும் பலிக்கவில்லை.

இன்றைய பேச்சில் பொருளைத் தொனியே தீர்மானிக்கிறது. காரியத்தைக் கெடுத்தவரிடம் சொன்னால் அது குத்தல். 'நைஸ் அண்ட் வார்ம்' என்னும்போது வெதுவெதுப்பு இதமாக இருக்கிறது என்பதே கருத்து.

தமிழ்ப் பேச்சில் புகுந்த 'நைஸ்' வேறு தடம் பிடித்தது. மாவை நைசாக அரைப்பதில் நுண்மைப் பொருள் நிற்கிறது. நைசாகப் பேசிக் கறப்பதிலும், வேலை வந்ததும் நைசாக நழுவுவதிலும் உள்ள தந்திரம் ஆங்கில 'நைஸ்' அறியாதது.