தடமில்லா வேகம்: லூஜ் வீரர் சிவ கேசவனின் விளையாட்டு வாழ்வு, மதுரையிலிருந்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

மதுரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் உள்ள சமவெளி நகரம். யானைமலையும் நாகமலையும் வெறும் பாறைக் குன்றுகள். கொடைக்கானலுக்கு ஏறினாலும் மார்கழியில் புல் நுனியில் உறைபனிதான் கிடைக்கும். சறுக்கும் அளவுக்குப் பனி பொழிவதில்லை. இங்கிருந்து பனி விளையாட்டு வீரர் ஒருவரை ஆராய ஒரு காரணம் உண்டு. பயிற்சிக்குரிய தளமே இல்லாத இடத்தில் ஒருவர் எப்படி வீரராகிறார் என்ற கேள்வி சிவ கேசவனின் மணாலிக்கு உரியது போலவே மதுரையின் வைகைக் கரைக்கும் உரியது. 2018இல் ஓய்வுபெற்ற சிவ கேசவனை அவர் பெற்ற இடங்களைக் கொண்டு மட்டும் அளப்பது பிழை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2. முன்னோர்

குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் பெயரில் முதலில் இறங்கியவர் ஜெரமி புஜகோவ்ஸ்கி. மலைச்சரிவுப் பனிச்சறுக்கு வீரரான அவர் 1964இல் இன்ஸ்ப்ரூக்கிலும் 1968இல் கிரெனோபிளிலும் போட்டியிட்டார். அடுத்த இருபது ஆண்டுகள் இந்தியப் பெயரே இல்லை. 1988 கால்கரியில் சைலஜா குமார் ஸ்லாலம் போட்டியில் 28ஆம் இடம் பெற்றார். குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். இவ்விருவர் பெயரும் நம் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறத் தக்கவை.

3. லூஜின் இயல்பு

லூஜில் வீரர் சிறிய சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டியபடி பனிக்கட்டித் தடத்தில் இறங்குகிறார். வேகம் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டும். வண்டியில் பிரேக் கிடையாது. கெண்டைக்காலால் சட்டத்தை அழுத்தியும் தோளைச் சாய்த்தும்தான் திருப்ப வேண்டும். நேரத்தை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணக்கிடுவார்கள். 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் மகளிர் தங்கம், நான்கு சுற்றுகளின் மொத்த நேரத்தில், 0.002 நொடியில் முடிவானது. இத்தகைய விளையாட்டில் ஒவ்வொரு வளைவும் உடம்புக்குப் பழகியிருக்க வேண்டும். ஒரே தடத்தில் நூற்றுக்கணக்கான முறை இறங்கினால்தான் அந்தப் பழக்கம் வரும். ஜெர்மானிய, ஆஸ்திரிய வீரர்களுக்குச் சொந்த நாட்டிலேயே அத்தகைய தடங்கள் உண்டு.

4. வாழ்க்கைத் தடம்

சிவ கேசவன் 1981 ஆகஸ்ட் 25 அன்று பிறந்தார். தந்தை கேரளத்துக்காரர், தாய் இத்தாலியர். வளர்ந்தது மணாலியை அடுத்த வசிஷ்ட் கிராமம். சிறு வயதில் பழகியது பனிச்சறுக்கு. ஜமைக்காவின் பாப்ஸ்லெட் அணியைப் பற்றிய 'கூல் ரன்னிங்ஸ்' படத்தைப் பள்ளியில் பார்த்த பின், ஆஸ்திரியாவின் முன்னாள் லூஜ் வீரர் குந்தர் லெம்மரர் இந்தியா வந்து நடத்திய முகாமில் லூஜைக் கற்றார். இரண்டே ஆண்டுகளில், 16 வயதில், நாகானோ ஒலிம்பிக்கில் இறங்கி 28ஆம் இடம் பெற்றார். லூஜில் அதுவரை அவ்வளவு இளையவர் ஒலிம்பிக்கில் இறங்கியதில்லை.

பின்னர் 2002இல் 33, 2006இல் 25, 2010இல் 29, 2018இல் 34 என இடங்கள் அமைந்தன. இந்த எண்களை மட்டும் படிப்பவர் இவரைச் சாதாரண வீரர் என்று ஒதுக்கிவிடுவார். எண்களுக்குப் பின்னால் இருப்பது இமயத்துத் தார்ச்சாலை. வண்டியில் சக்கரம் பொருத்தி, லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் இடையே வளைந்து இறங்கியே அவர் பயிற்சி எடுத்தார். தார் எங்கே, பனிக்கட்டி எங்கே! இரண்டிலும் பிடிமானமே வேறு. அப்படிப் பழகியும் ஆசிய அளவில் 2011, 2012, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் தங்கம் வென்றார் என்பதே கருதத்தக்கது.

2010 வான்கூவரில் தொடக்க விழா நாளன்று ஜார்ஜிய வீரர் நோடார் குமாரிதாஷ்விலி பயிற்சியின்போது தடத்திலிருந்து தூக்கி எறியப்பட்டு இறந்தார். மறுநாள் அதே தடத்தில் சிவ கேசவனும் இறங்கினார். 2014 சோச்சியில் சோதனை வேறுவிதம்: இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கத்தில் இருந்ததால் மூவண்ணக் கொடி இல்லாமல் ஒலிம்பிக் கொடியின் கீழ் போட்டியிட்டார். அங்கே பயிற்சி ஓட்டத்தில் வண்டியிலிருந்து விழுந்தவர், ஓடும் வேகத்திலேயே மீண்டும் அதில் ஏறிப் படுத்து ஓட்டத்தை முடித்தார். அவர் போட்டி முடிந்த சில நாட்களில்தான் இடைநீக்கம் விலகியது.

5. மதுரை ஒப்பீடு

மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தின் ரேவதி வீரமணி பாட்டி ஆரம்மாளின் கூலி உழைப்பில் வளர்ந்தவர். தொடக்க நாட்களில் வெறுங்காலோடு ஓடியவர், டோக்கியோ ஒலிம்பிக்கின் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டம் வரை சென்றார். சக்கரம் கட்டிய வண்டியையும் செருப்பில்லாத காலையும் ஒரே தட்டில் வைக்கலாம்: கருவி வரும் வரை காத்திராமல் உடம்பை முதலில் தயார் செய்தவர்கள் இருவரும். ஆனால் ஒப்புமை ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. ரேவதியின் குறையைக் கண்ணன் என்ற பயிற்சியாளரின் கண்ணும் ஒரு விளையாட்டரங்கமும் தீர்க்க முடிந்தது. லூஜ் தடத்தை எந்தப் பயிற்சியாளரும் கட்டித்தர முடியாது. அது அரசு எடுக்க வேண்டிய முடிவு.

6. மதிப்பீடு

தடமுள்ள நாட்டு வீரரின் பத்தாம் இடத்தைவிடத் தடமில்லாதவரின் 25ஆம் இடம் அரியது என்பேன். சிவ கேசவனுக்கு அர்ஜுனா விருது 2020இல் வந்தது: நாகானோவுக்குப் பின் 22 ஆண்டுகள், ஓய்வுக்குப் பின் இரண்டு ஆண்டுகள் கழித்து. ஆறு ஒலிம்பிக் கண்ட அந்த வீரருக்கு, ஓடிய காலம் முழுவதும், சொந்த நாட்டில் ஒரு பனிக்கட்டித் தடம்கூடக் கிடைக்கவில்லை.